கையேந்தக் கற்றுத்தரும் செபம்

"யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது என்றுதான் வாழ்நாளெல்லாம் வேண்டிக்கொண்டேன்." நோயாளர்களின் படுக்கையருகே அமரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. வலியைப் பற்றிக் கூறுவதற்கு முன்பே பலர் இதைக் கூறிவிடுகிறார்கள். குடும்பத்தையே தாங்கி நின்றவர், இன்று ஒரு குவளைத் தண்ணீருக்குப் பிறர் கையை எதிர்பார்க்கிறார். பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்த தாய், இன்று மகள் தம் உடலைத் துடைத்துவிடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். உடலின் வலிக்கு மருத்துவர் மருந்து தருகிறார். இந்தக் கூச்சத்தின் வலிக்கு மருந்து எது?

திருச்சபையின் ஆன்மிக மரபு இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. செபத்தின் வழியாகத் தாழ்ச்சியில் வளர்வதே அது. தாழ்ச்சி என்றதும் சிலருக்கு மனம் சுருங்கலாம். 'நோய் எங்களைத் தாழ்த்தியது போதாதா? இன்னும் தாழ வேண்டுமா?' என்று கேட்கத் தோன்றலாம். நியாயமான கேள்வி அது. ஆகவே, தாழ்ச்சி என்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

உண்மையில் நடப்பது

அவிலா நகர்ப் புனித தெரேசா, 1577ஆம் ஆண்டு எழுதிய ஆன்மிக நூலில், தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பதே என்று விளக்குகிறார். நாம் இறைவனால் படைக்கப்பட்டவர்கள். அவருடைய அன்பாலும் பிறருடைய அன்பாலும் வாழ்கிறவர்கள். இந்த உண்மையை ஒப்புக்கொள்வதே தாழ்ச்சி. 'நான் எதற்கும் உதவாதவன்' என்று தன்னைத் தானே இகழ்ந்துகொள்வது உண்மைக்குப் புறம்பானது. ஆகவே அதைத் தாழ்ச்சி என்று கூற இயலாது. 'என் பாவத்துக்குத்தான் இந்த நோய்' என்று மனம் நொந்துகொள்வதும் அப்படியே. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவர் செய்த பாவமும் அன்று, பெற்றோர் செய்த பாவமும் அன்று என்று இயேசு தெளிவாக மறுத்ததை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். அதுபோலவே, வலியை மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொள்வதும் தாழ்ச்சி ஆகாது. உள்ளதை உள்ளபடி கூறி உதவி கேட்பதே தாழ்ச்சியின் முதல் படி.

ஆறாத புண் கற்றுத்தந்த பாடம்

இந்த வழியில் நடந்தவர்களுள் ஒருவர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ். இத்தாலியின் புக்கியானிகோ என்னும் ஊரில் 1550ஆம் ஆண்டு பிறந்த அவர், நெடிய உயரமும் வலிய உடற்கட்டும் கொண்ட படைவீரர். முன்கோபம் மிக்கவர்; சூதாட்டத்துக்கு அடிமையானவர். காலில் தோன்றிய புண் ஆறாததால், உரோமையில் குணமாகாத நோயாளர்களுக்கென இருந்த புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே சிகிச்சை பெற்றபடி பணியாளராகவும் இருந்தார். ஆனால் சீட்டாட்டமும் சச்சரவும் ஓயாததால் அங்கிருந்து அனுப்பப்பட்டார். பின்னர், கையிலிருந்த யாவற்றையும் சூதில் இழந்து, கோவில் வாசலில் கையேந்தி நிற்கும் நிலைக்கு வந்தார். கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார்.

துறவி ஒருவர் கூறிய அறிவுரை அவர் உள்ளத்தைத் தைத்தது. மறுநாள், 1575 பெப்ரவரி 2 அன்று, பயணத்தின் நடுவே வழியிலேயே மண்டியிட்டு, கண்ணீரோடு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். துறவியாகும் ஆவலோடு கப்புச்சின் சபையில் சேர்ந்தார். காலின் புண் மீண்டும் திறந்துகொண்டது. சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தம்மை வெளியே அனுப்பிய அதே மருத்துவமனைக்கு, மீண்டும் நோயாளராகவே திரும்பினார்.

அந்த வாசலைக் கடக்க அவருக்கு எவ்வளவு தாழ்ச்சி வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால், தாம் விரும்பாத அந்த இடத்தில்தான் இறைவன் அவருக்காகக் காத்திருந்தார். கட்டுப்போட்ட காலோடு, பக்கத்துப் படுக்கையில் கிடந்தவரைக் கவனிக்கத் தொடங்கினார் கமில்லஸ். காலப்போக்கில் அம்மருத்துவமனையின் மேற்பார்வையாளரானார். 1584ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நோயாளருக்குப் பணிபுரிய அவர் தொடங்கிய குழுவுக்கு, 1586ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஒப்புதல் அளித்தார். நோயாளர் முன் மண்டியிட்டு உணவூட்டும் அளவுக்கு, அவர்களிடம் கிறிஸ்துவையே கண்டார் கமில்லஸ். அவருடைய புண்ணோ 1614ஆம் ஆண்டு அவர் இறக்கும்வரை ஆறவில்லை. நோயுற்றோருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக, இறைவனின் புனித யோவானோடு அவரையும் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1886ஆம் ஆண்டு அறிவித்தார்.

புண் ஆற வேண்டும் என்ற மன்றாட்டுக்கு அவர் எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை. ஆயினும் அந்தப் புண்ணோடு இறைவன் முன் நிற்க அவர் கற்றுக்கொண்டார். உதவி பெற்றவராக வாழ்ந்ததால்தான், உதவி பெறுவோரின் கூச்சத்தை அவரால் அறிய முடிந்தது.

கால்களை நீட்டுவதும் செபமே

இறுதி இராவுணவின்போது இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவினார். பேதுரு அதற்கு இணங்கவில்லை. ஆண்டவருக்காக உயிரையும் தருவேன் என்று கூறத் துணிந்த அவருக்கு, தம் காலை நீட்டி வாளாவிருப்பது கடினமாக இருந்தது. கழுவிக்கொள்ளாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்னும் பொருள்பட ஆண்டவர் கூறிய பின்னரே இசைந்தார். கொடுப்பது நமக்கு எளிது, பெற்றுக்கொள்வதே கடினம். பெற்றுக்கொள்ளவும் ஒரு சீடர் கற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, செவிலியர் உங்கள் காலைத் துடைக்கும் வேளையை, மகன் கஞ்சி ஊட்டும் வேளையை, செபநேரமாக்கிக்கொள்ளுங்கள். 'ஆண்டவரே, இந்தக் கைகள் வழியாக நீரே என்னைத் தொடுகிறீர். நன்றி' என்று உள்ளத்துக்குள் சொன்னால் போதும். நற்கருணை பெறும்போது வெறுங்கையைத்தானே நீட்டுகிறோம்? அதே வெறுங்கை இங்கும் போதும்.

செபிக்கவே இயலாத நாள்களும் உண்டு. மருந்தின் மயக்கத்தில் செபமாலை கையிலிருந்து நழுவிவிடும். பழகிய மன்றாட்டும் பாதியில் மறந்துபோகும். அதற்காக மனம் வருந்த வேண்டாம். முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்துவந்து, கூரையைத் திறந்து இயேசுவின் முன் இறக்கியதை மாற்கு நற்செய்தி சொல்கிறது. இயேசு அங்கே கண்டது சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை. 'இன்று எனக்காக நீங்கள் செபியுங்கள்' என்று குடும்பத்தாரிடமோ, ஆன்மப்பணியாளரிடமோ கேளுங்கள். அப்படிக் கேட்பதே அன்றைய நாளின் செபம்.

கவனித்துக்கொள்வோருக்கு

இரவும் பகலும் உடனிருக்கும் உங்களுக்கும் ஒரு சொல். தூக்கமின்மையால் ஒருநாள் குரல் உயர்ந்துவிடும். பின்னர் வெளியே சென்று அழுதுவிட்டு வருவீர்கள். உங்களுக்கும் எல்லை உண்டு என்ற உண்மையை இறைவன் முன் ஏற்றுக்கொள்வதே உங்களுக்குரிய தாழ்ச்சி. லூக்கா நற்செய்தியில் வரும் வரிதண்டுபவர், நெடிய மன்றாட்டு எதுவும் சொல்லவில்லை. தம்மீது இரங்குமாறு மட்டும் கேட்டு மார்பில் அடித்துக்கொண்டார். இறைவனுக்கு ஏற்புடையவராகி வீடு திரும்பினார். நீங்களும் இரவில் ஒரு நிமிடம் அமர்ந்து, அன்று தவறியதை ஆண்டவரிடம் கூறுங்கள். பின்பு, 'காலையில் கோபித்துக்கொண்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று நோயுற்றவரிடமும் கூறுங்கள். உறவினர் ஒருவர் 'இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் மறுக்காமல் உறங்கச் செல்லுங்கள். அதுவும் கால்களை நீட்டுவதே.

தாழ்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. நாளை மீண்டும் கூச்சம் வரும். மீண்டும் முகம் சுவர்ப்பக்கம் திரும்பும். அப்போதும் மீண்டும் தொடங்குவோம். படுக்கையில் இருப்போரும் அருகே அமர்ந்திருப்போரும் இணைந்து சொல்ல, இச்சிறு செபத்தை உங்கள் கைகளில் வைக்கிறோம்:

*சீடரின் காலடிகளைக் கழுவிய ஆண்டவரே,*
*கேட்கக் கூசும் எங்கள் நாவைத் திறந்தருளும்.*
*பெறத் தயங்கும் எங்கள் கைகளை விரித்தருளும்.*
*களைத்துப்போன எங்கள் அன்பைப் புதுப்பித்தருளும்.*
*இந்த நாளுக்குப் போதுமான வலிமையை*
*ஒருவர் வழியாக மற்றவருக்குத் தந்தருளும். ஆமென்.*