ரேஷன் அரிசியும் பை அரிசியும்: சத்து எதில், புகார் எங்கே

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வயல்களில் விளையும் நெல் இரண்டு வழியாக அடுப்படிக்கு வந்து சேர்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம், நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கு, அரவை ஆலை, ரேஷன் கடை என்பது ஒரு வழி. வியாபாரி, தனியார் ஆலை, பெயர் அச்சிட்ட பை, மளிகைக் கடை என்பது மற்றொரு வழி. முதலாவது 2011 ஜூன் முதல் தமிழகத்தில் விலையில்லாமல் கிடைக்கிறது. இரண்டாவது கிலோ ஐம்பது, அறுபது ரூபாய். விலை கூடினால் சத்தும் கூடும் என்று நம்பி, ரேஷன் அரிசியை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டு, அல்லது வாசலுக்கு வரும் ஆளிடம் சில ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, கடன் சொல்லிப் பை அரிசி வாங்கும் குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் புரதம் சுமார் 7.9 கிராம், புழுங்கல் அரிசியில் 7.8 கிராம். வித்தியாசம் புரதத்தில் இல்லை, வைட்டமின்களில்தான். தயமின் என்னும் பி1 வைட்டமின் தீட்டிய பச்சரிசியில் 0.05 மில்லிகிராம், புழுங்கலில் 0.17, தவிடு நீக்காத அரிசியில் 0.27. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. ஆகவே சத்தைத் தீர்மானிப்பது அவியலும் தீட்டலும். பையில் அச்சிட்ட பெயருக்கு அதில் பங்கில்லை. பளபளவென்று வெள்ளையாக, சன்னமாக, பல தடவை பாலிஷ் போட்டு வரும் அரிசி வாய்க்கு ருசி. உடம்புக்கு அதிலிருந்து கிடைப்பது குறைவு. ரேஷனில் வரும் சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகப் புழுங்கல், பார்வைக்கு மட்டமாக இருந்தாலும் பி வைட்டமின் கணக்கில் அதைவிட மேல்.

இதற்கு மேல், ரேஷனில் செறிவூட்டிய அரிசியும் வந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, அரசுத் திட்டங்கள் அனைத்துக்கும் படிப்படியாகக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவிலேயே மணிகளாக்கி, 100 அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தார்கள். விதிப்படி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். செறிவூட்டிய அரிசியை நாளைக்கு 200 கிராம் உண்பவருக்கு இதனால் ஐந்தரை முதல் எட்டரை மில்லிகிராம் வரை இரும்பு சேர்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கடைகளில் விற்கும் சாதாரணப் பை அரிசியில் இந்தச் சேர்க்கை இல்லை.

ஆனால் இந்த மணிகளைத்தான் “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிகிறார்கள். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும், அவ்வளவுதான். அது பிளாஸ்டிக் அல்ல. செறிவூட்டிய அரிசி வந்த மூட்டையில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் கொண்ட முத்திரை இருக்கும். கடையில் மூட்டையைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். கைப்பேசியில் வந்த காணொளியை நம்பிச் சத்தைக் குப்பையில் கொட்டுவதற்கு இனியும் சாக்கு இல்லை. எடைபோடும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லாத கடை ஊழியரும், சொல்லிக் கொடுக்காத வழங்கல் துறையும் இந்த வதந்திக்குப் பாதிப் பொறுப்பு. தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கழுவாமல், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் இருந்தால் போதும். பி வைட்டமின்கள் போவது அந்த வழியில்தான்.

ரேஷன் அரிசியின் மெய்யான குறை வேறு. வாடை, பழுப்பு, கருப்பு மணி, வண்டு, குருணை, கல். இவற்றுக்குக் காரணம் நெல்லின் ரகம் அல்ல. கொள்முதலுக்கு வரும் நெல்லில் 17 சதவீத ஈரப்பதம் வரை இருக்கலாம் என்பது விதி. அறுவடை நேரத்து மழையில் தார்ப்பாய்க்கு அடியிலும் சாலையோரத்திலும் நாள்கணக்கில் கிடந்து நனைந்து முளைவிட்ட நெல்லை அரைத்தால் என்ன வரும் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். ஆண்டுதோறும் மழை வருகிறது. ஆண்டுதோறும் மூட்டைகள் நனைகின்றன. பூஞ்சை பிடித்த அரிசியை உண்பது கேடு. அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, மாட்டுக்கும் போட வேண்டியதில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கடை ஊழியரிடம் சண்டை போட்டுவிட்டு அரிசியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊழியர் அரிசி அரைப்பவர் அல்லர். சண்டையால் எந்தக் கோப்பும் நகராது. செய்ய வேண்டியது இது. வழங்கும் அரிசியின் மாதிரியைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுப் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை. முதலில் அதைக் கேட்க வேண்டும். கடையைவிட்டு இறங்குமுன் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து, கெட்டிருந்தால் அங்கேயே மாற்றித்தரக் கோர வேண்டும். மறுத்தால் அரிசியையும், மூட்டையில் உள்ள ஆலைப் பெயர், பருவம், தைத்த சீட்டு ஆகியவற்றையும் படமெடுக்க வேண்டும். இந்தச் சீட்டு முக்கியம். அது இல்லாவிட்டால் எந்த ஆலை என்று யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அரை கிலோவைத் தனியாகக் கட்டி வைத்து, குடும்ப அட்டை எண், கடை எண், தேதி, கைப்பேசிக்கு வந்த பில் குறுஞ்செய்தி ஆகியவற்றுடன் வட்ட வழங்கல் அலுவலருக்கு இரண்டு படியில் மனு எழுதி, ஒன்றில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை வாங்காத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். 1967 என்ற எண்ணில் பதிவு செய்தால் தரும் புகார் எண்ணையும் மனுவில் எழுத வேண்டும். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கும் தீராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டம்.

விலையில்லா அரிசிக்கு நுகர்வோர் ஆணையம் செல்வது கடினம். பணம் கொடுத்து வாங்கியவரையே சட்டம் நுகர்வோர் என்கிறது. ரேஷனில் காசு கொடுத்து வாங்கும் துவரம் பருப்பு, பாமாயில், சர்க்கரை ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

பை அரிசியில் ஏமாற்று வேறு வகை. எல்லாப் பையிலும் “பொன்னி” என்றே இருக்கும். உள்ளே வேறு ரகம் இருக்கலாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ மூட்டைகள் சந்தையில் பெருகின. 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்குப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச விலை முதலிய விவரங்களை அச்சிட வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த ஒரு கிலோ கூடுதலுக்காக வாங்குபவர் அச்சிட்ட விலை என்னும் பிடிமானத்தை இழக்கிறார். மூட்டை எதுவானாலும் ரகத்தின் பெயர் எழுதிய பில் வாங்க வேண்டும். பில் இல்லாமல் பின்னால் எதுவும் செய்ய முடியாது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத பையைத் தொடவே கூடாது. உதிரியாக, பெயர் தெரியாத டின்னிலிருந்து ஊற்றித் தரும் சமையல் எண்ணெயும் அப்படியே. உதிரி எண்ணெய் விற்பனைக்குச் சட்டத்திலேயே தடை உள்ளது. மலிவாக வாங்குவது தவறல்ல, முகவரி இல்லாததை வாங்குவதுதான் ஆபத்து.

எடை குறைந்தாலோ அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். கலப்படம், கெட்ட பொருள், பொய் லேபிள் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர். 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடனும் அனுப்பலாம். அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கலாம் என்கிறது. சோதனைக்குக் கொடுக்கப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. பொருள் விதிமீறியது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் அரிது. அலுவலகங்களும் அதைச் சுவரில் எழுதி வைப்பதில்லை. தரம் குறைந்த உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரையும், பொய் லேபிளுக்கு 3 லட்சம் வரையும், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புவது நல்லது. பில் இல்லாவிட்டால் இதுவும் கடினம். வழி தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

மாதம் 20 கிலோ பை அரிசி வாங்கும் வீடு அதற்கு 1,000 ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. அந்தப் பணம் பருப்பு, முட்டை, கீரை, மீன் என்று போனால் அரிசி எதுவும் தர முடியாத புரதம் கிடைக்கும். நல்ல ரேஷன் அரிசியை உண்ணுங்கள்; கெட்டதை முத்திரை பெற்ற மனுவுடன் திருப்பிக் கொடுங்கள்.