வலி நின்றது, வைத்தியம் நிற்கலாமா?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என எங்கிருந்து வந்தாலும் பலர் சொல்வது ஒன்றுதான்: “ரூட் கேனல் ஆரம்பிச்சாங்க டாக்டர். அன்னைக்கே வலி நின்னுபோச்சு. ஊர்ல கோயில் கொடைன்னு போயிட்டேன்.” பல மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வருகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டியதாகிறது.

பாதியில் விட்ட பல்

அழுகிய நரம்பை எடுத்ததால்தான் வலி நின்றது. அன்று வைத்தனுப்பும் வெள்ளை அடைப்பு சில வாரம்தான் தாங்கும். அது தேய்ந்தால் ஓரத்தில் எச்சில் கசிந்து, சுத்தம் செய்த வேருக்குள் கிருமி மறுபடி குடியேறும்.

வேரை நிரந்தரமாக அடைப்பது கட்டா பெர்ச்சா. மலாய் நாட்டு மரப்பாலில் கிடைப்பது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையான அதே பொருள்தான். ஊசி போல மெலிந்த இளஞ்சிவப்புக் குச்சிகளாக வரும் அதைப் பசையோடு வேர் நுனிவரை இறுக்குவோம். மேலே நிரந்தர அடைப்பு, கடைவாய்ப் பல்லானால் கேப். அதுவரை சிகிச்சை முடியவில்லை.

நம்பிக் கெடுவது போதும்

“கிராம்புத் தைலம் போதும்.” மரத்துப்போகும், அவ்வளவுதான். அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும்.

“மசேரி தேய்த்தால் அடங்கும்.” அது வறுத்த புகையிலை. பல்வலிக்குப் போய் வாய்ப்புற்றை வாங்காதீர்கள்.

“ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொண்டேன்.” கன்னத்தின் உட்தோல் வெள்ளையாக வெந்து உரிவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

“மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கினேன்.” செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் வடியும், வேர்க்கிருமி இருக்கும்.

“மேல்பல்லைத் தொட்டால் கண் போகும்.” போகாது.

“கேப் பணம் பிடுங்கும் வேலை.” உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் மெல்லும்போது பிளக்கும். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் வழி.

பரிசோதனை

வேரின் நிலையை அறியப் பெரும்பாலும் எக்ஸ்ரே போதும். சிகிச்சை முடித்து ஓராண்டில் இன்னொன்று எடுங்கள்.

கேட்டுக்கொள்கிறேன்

செலவுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். குறைந்த செலவில் பார்க்க மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவமனை, சிஎஸ்எம்டி அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. தாடைக்கடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நள்ளிரவானாலும் சயான் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஊருக்குப் போகிறீர்களா, போய் வாருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே மருத்துவரிடம் தேதியும் வாங்கிவிடுங்கள், அம்மா, ஐயா. வலி இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் வந்துவிடுங்கள்.