ஒலி கண்டு பழுது அறிதல்

நாடி பார்த்து நோயை அறியும் மருத்துவரைப் போல, ஒலியைக் கேட்டு எஞ்சினின் பழுதை அறியும் தொழிலாளரும் உளர். செம்மையாக இயங்கும் எஞ்சினின் ஒலி சீராக இருக்கும். உறுப்பு ஒன்றில் குறை நேர்ந்தால், அச்சீரினின்று வேறுபட்ட ஓர் ஒலி எழும். அவ்வொலி பழுதன்று, பழுதின் அறிகுறியே ஆகும். அறிகுறியை அடக்குவது வேறு. பழுதை நீக்குவது வேறு. இவ்வேறுபாட்டைப் பழைய மோட்டார் வண்டிகளில் கேட்கும் 'டிக், டிக்' என்னும் ஒலியைக் கொண்டு ஆராய்வோம்.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவிய இது, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்டது. இதில் பல்லாண்டுகள் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வுகள் உள்ளன. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும். மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றும். ஆகவே வால்வுகள் எட்டாகும்.

இவ்வால்வுகள் திறக்கும் முறை அறியத்தக்கது. கேம் தண்டு சுழலும்போது அதன் மேடு, டேப்பெட் என்னும் உறுப்பை உயர்த்தும். டேப்பெட்டின்மேல் நிற்கும் கம்பி, ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ளும். ராக்கர், கிணற்றேற்றத்தின் துலாவை ஒத்தது. ஒரு முனை உயர, மறு முனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். மேடு விலகியதும் சுருள்வில் வால்வை மூடிவிடும். எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறக்கும். நிமிடத்திற்கு 800 சுற்று சுழலும் எஞ்சினில், ஒரு வால்வு 400 முறை திறந்து மூடும்.

மூடிய வால்வின் தண்டு நுனிக்கும் ராக்கருக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டிருப்பர். வெப்பத்தால் உலோகம் விரியும் என்பதே அதற்குக் காரணம். இவ்வெஞ்சினில் அவ்விடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரங்கூறாக்கினால் 15 கூறளவு, அதாவது 0.38 மில்லிமீட்டர் ஆகும். நாளடைவில் உறுப்புகள் தேய்வதாலோ, மரை தளர்வதாலோ இடைவெளி மிகுந்தால், ராக்கர் வால்வைத் தட்டும். அத்தட்டலே நாம் கேட்கும் ஒலியாகும்.

எனினும், 'டிக்' என்னும் ஒலியெல்லாம் டேப்பெட்டின் ஒலியே எனத் துணிதல் தவறு. புகை செல்லும் மேனிபோல்டின் கேஸ்கட்டில் கசிவு ஏற்பட்டாலும் இத்தகைய ஒலி எழும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது மிகுந்தும், சூடேறியபின் குறைந்தும் கேட்பதுண்டு. கசிவிடத்தில் கரி படிந்திருக்கும். தளர்ந்த ஸ்பார்க் பிளக்கின் வழியே காற்றுக் கசிந்தாலும் இவ்வாறே ஒலிக்கும். கனத்த 'டொக்' ஒலி எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வருமாயின், அது பேரிங் தேய்வின் அறிகுறியாகலாம். உடனே எஞ்சினை நிறுத்துவதே அறிவுடைமை.

ஆதலின் முறைப்படி ஆராய வேண்டும். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவைக் காண வேண்டும். ஆயில் குறைந்தாலும், ராக்கருக்கு ஆயில் செல்லும் வழி அடைபட்டாலும் ஒலி பெருகும். பின்னர், நீண்ட மரக்கோலின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையை எஞ்சினின் பல இடங்களில் ஊன்றிக் கேட்டால், ஒலி பிறக்கும் இடம் புலப்படும். சுழலும் விசிறியினின்றும் பெல்ட்டினின்றும் ஆடையையும் கையையும் விலக்கிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

ஒலி டேப்பெட்டினது எனத் தெளிந்தபின், எஞ்சினை நிறுத்தி, ராக்கர் மூடியைக் கழற்றி, இடைவெளியை அளக்க வேண்டும். அளக்கப்படும் வால்வு முற்றும் மூடியிருத்தல் வேண்டும். இதனை அறிய எளிய கணக்கொன்று உண்டு. முன்பக்கத்திலிருந்து வால்வுகளை எண்ணுக. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதல் வால்வை அளக்கலாம்; ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை அளக்கலாம். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாகும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடு சற்றே பிடித்துச் செல்லுமாறு திருகைத் திருப்பி, மீண்டும் நட்டை இறுக்கி, மறுமுறையும் அளக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் அளப்பதா, குளிர்ந்தபின் அளப்பதா என்பதில் அவ்வண்டியின் கையேடு கூறுவதையே கொள்ள வேண்டும்.

சில வேளைகளில் அளவு சரியாக இருந்தும் ஒலி நிற்பதில்லை. ராக்கரின் முகம் குழியாகத் தேய்ந்திருந்தால், தட்டையான தகடு குழியின் விளிம்புகளையே தொடும். குழியின் ஆழம் அளவில் சேராது. ஆகவே தகடு காட்டும் இடைவெளியினும் உண்மை இடைவெளி மிகுதியாகும். தேய்ந்த ராக்கரைச் செப்பனிடுதல் அல்லது மாற்றுதலே இதற்குத் தீர்வாகும்.

இவ்விடத்தில்தான் அனுபவமற்றோர் இடறுவர். ஒலியை நிறுத்துவதே நோக்கமாகக் கொண்டு, திருகை மேலும் மேலும் இறுக்குவர். ஒலி அடங்கும், வண்டிக்கு உடையவரும் மகிழ்வார். ஆனால் இடைவெளி இல்லாமற் போனால், சூட்டில் விரிந்த வால்வு தன் இருக்கையில் முற்றும் பொருந்தாது. எரியும் வாயு அச்சந்தின் வழியே பாயும். வால்வு பெற்ற வெப்பம் இருக்கையின் வழியே தணியவும் இடமிராது. நாளடைவில் வால்வின் விளிம்பு கருகும். எஞ்சின் வலிமை குன்றும். சிறிது ஒலித்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒலியடங்கிய எஞ்சினோ உள்ளே அழிந்துகொண்டிருக்கிறது.

குறையைச் சொல்லும் குரலை அடக்கிவிட்டால் குறை நீங்கிவிடாது. காது கேட்ட குறையைக் கருத்து ஆராய்ந்து, அதன்பின் கை திருத்த வேண்டும். இம்முறை எஞ்சினுக்கு மட்டுமன்றி, நாம் மேற்கொள்ளும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்துவதாகும்.