குளிரில் கருகும் கொழுந்து

“பனியில் தேயிலை கருகிவிட்டது” என்று மூணாற்றுத் தோட்டங்களில் வாழும் நம்மவர் கூறுவதுண்டு. குளிர் எங்ஙனம் கருக்கும்? மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாமும் இதனை வழுவென்றே முதலில் எண்ணினோம்.

2019ஆம் ஆண்டு ஜனவரியில் மூணாற்றில் உறைபனி வீழ்ந்து தேயிலை பெரிதும் கெட்டது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானில் இழக்கின்றன. குளிர்ந்த காற்றுக் கனமானது. ஆதலின் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தோட்டம் பிழைக்க, ஓடைக்கரைத் தோட்டம் வெளுப்பது இதனாலேயே. இலையின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே சென்றபின், அதன்மேற்படும் நீராவி நீராகாமலே நேரே பனித்துகளாகிறது. வாயு, திரவம், திடம் என்று பள்ளியில் மனனம் செய்தோமன்றோ? இயற்கை இங்கு நடுப்படியைத் தாண்டிவிடுகிறது.

எனினும், கேடு செய்வது கண்ணுக்குத் தெரியும் அவ்வெண்மை மட்டுமன்று. இலைக்குள், உயிரணுக்களின் இடையிலுள்ள நீர் முதலில் உறைகிறது. அப்பனிக்கட்டி உயிரணுக்களுக்குள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. கோடையில் காய்ந்தாலும் குளிரில் உறைந்தாலும் அவை இழப்பது நீரையே! தோட்டத்து வழக்கு வழுவன்று, வழுவியவர் நாமே.

வெயில் ஏறியதும் வெண்மை உருகி ஆவியாகிவிடும். அதனைக் காண வந்த பயணிகளும் திரும்பிவிடுவர். பின்னரே இலை பழுப்பேறும். செடி மீண்டும் துளிர்க்கச் சில வாரங்கள் செல்லும். அதுவரை, பறிக்கும் எடைக்கேற்ப ஊக்கத்தொகை பெறும் பெண்களுக்குக் கொழுந்து கிட்டுவது அரிது.