புதைத்த நஞ்சுக்கொடியும் உறைந்த குப்பியும்

கொள்ளிடக் கரையோரத்து தா.பழூர் பக்கம் வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில், குழந்தை அழுத சத்தம் கேட்டதும் வெளியில் நிற்பவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துச்சா?" என்பதுதான். விழுந்ததை நாய் தோண்டாதபடி கொல்லையில் ஆழக் குழிவெட்டிப் புதைப்பார்கள். பசு ஈன்றால் வேறு முறை. வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள், பால் பெருகுமாம். இப்போது பிரசவம் ஆஸ்பத்திரியில். நஞ்சுக்கொடி மஞ்சள் பையில் ஏறி எரியூட்டப் போகிறது. ஆலமரத்துச் சாக்கு மட்டும் அங்கங்கே மிச்சம்.

நாம் புதைத்துக்கொண்டிருந்த அதே 1970களில், அமெரிக்க ஆய்வகங்கள் சில அதைப் பிரசவ வார்டுகளிலிருந்து கேட்டு வாங்கி ஐஸில் வைத்து எடுத்துப்போயின. காரணம் சர்க்கரை நோய். ரத்தத்தில் வரும் இன்சுலின், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தில் ஒட்டினால்தான் உள்ளே செய்தி போகும். அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். கதிரியக்க அடையாளமிட்ட இன்சுலினை எலிக் கல்லீரல் சவ்வில் ஒட்டவைத்து 1971இல் அதை அளந்து காட்டினார்கள். சரி, மனித ஏற்பிக்கு எங்கே போவது? யாரிடம் கல்லீரல் கேட்பது? யாருக்கும் வேண்டாத நஞ்சுக்கொடியில் அது தாராளமாக இருந்தது. அரைத்து, சவ்வைச் சோப்புத்தன்மையுள்ள கரைசலில் கரைத்து, இன்சுலின் பிணைத்த நுண்மணிகளின் வழியே வடித்தால், பிடிபட்டு மிஞ்சும் ஏற்பி ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சொற்பம்.

1985இல் அந்த ஏற்பியின் மரபணுவைப் படித்துவிட்டார்கள். அதன்பின் நஞ்சுக்கொடியை நம்பியிருக்க வேண்டியதில்லை. மரபணுவில் வெளிப்பகுதிக்கான துண்டை மட்டும் சீன ஹாம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து வந்த செல்களுக்குள் செலுத்தினால், அவை மனித ஏற்பியின் வெளிப்பகுதியைச் செய்து, தாம் வளரும் திரவத்திலேயே விட்டுவிடுகின்றன. இன்று விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால், உறைய வைத்தோ உலர்த்தியோ, மைக்ரோகிராம் கணக்கில் சிறு குப்பியில் வருகிறது.

இன்சுலினே இந்தப் பாதையில் முன்னால் நடந்தது. ஒரு காலத்தில் 8 அவுன்ஸ் இன்சுலின் எடுக்க இரண்டு டன் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. 1978இல் பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலினைச் செய்தார்கள். 1982இல் அது அமெரிக்காவில் மருந்தானது. பெங்களூரு பயோகான் ஈஸ்ட் வழியாகச் செய்த இன்சுலின் 2004இல் நம் கடைகளுக்கு வந்தது. இன்சுலின் 51 அமினோ அமிலமே கொண்ட சின்னப் புரதம், பாக்டீரியாவுக்குக் கட்டுப்படியாகும். ஏற்பியோ அதன் ஒரு பாதியிலேயே 1,300க்கு மேல் அமினோ அமிலங்களைக் கொண்டது. போதாததற்கு அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளும் ஒட்டியிருக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு அந்தக் கைவேலை தெரியாது. சர்க்கரை நோயின் வாசலிலேயே சர்க்கரைப் பூச்சு, வேடிக்கைதான்.

கிராமத்தில் "பணக்கார வியாதி" என்று பேசப்பட்ட நோய் இப்போது நடவு நடுகிறவர்களுக்கும் வருகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. பெரும்பாலோருக்கு இன்சுலின் அடியோடு வற்றிவிடவில்லை; அது ஏற்பியில் ஒட்டிய பிறகு உள்ளே போகிற செய்திதான் மங்குகிறது. ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பியைக் காப்பாற்றிய வீடுகளில் இன்று ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆனால் 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் என்ற கவனம் இன்னும் வேண்டியிருக்கிறது. 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடியை எடுத்தால் அளவு தப்பிவிடும்.

ஏற்பிக் குப்பியை யாருக்கும் ஊசியாகப் போட முடியாது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அதன்மேல் அச்சிட்டிருக்கும். பிறகு நமக்கென்ன பயன் என்றால், எக்ஸ்-10 என்ற இன்சுலினின் கதையைச் சொல்ல வேண்டும். வேகமாக வேலை செய்யட்டும் என்று ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிச் செய்தது அது. பெண் எலிகளுக்கு மார்பகக் கட்டி வரவே, கைவிட்டார்கள். ஏற்பியில் ஒட்டியது சீக்கிரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும், வளர்ச்சிக்கான ஐஜிஎஃப்-1 ஏற்பியில் கூடுதலாக ஒட்டியதும் அதில் தெரியவந்தன. அதற்குப் பிறகு வடிவம் மாற்றிய இன்சுலின் எதுவானாலும் இந்த இரண்டு ஏற்பிகளிலும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, எப்போது விடுகிறது என்று ஆய்வகத்தில் அளந்து பார்க்கிறார்கள். தா.பழூர்க்காரர் மருந்துக்கடையில் வாங்கும் பேனாவில் இருப்பது வடிவம் மாற்றிய இன்சுலின் என்றால், அதுவும் அந்த அளவையைத் தாண்டி வந்ததுதான்.