சிசிடிவி பதிவுக் கருவியைத் தொலைவிலிருந்து பார்த்தல்

சிசிடிவி தொலைநிலைப் பார்வை என்பது, வீட்டில் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராக்களின் நேரலைக் காட்சியையும், ஏற்கெனவே பதிவான காட்சியையும் இணையத்தின் வழியாக வேறோர் இடத்திலிருந்து செல்பேசியிலோ கணினியிலோ பார்க்கும் வசதி ஆகும். இவ்வகை அமைப்பில் கேமராக்கள் நேரடியாக வெளியுலகத்துடன் தொடர்பு கொள்வதில்லை. எல்லாக் கேமராக்களும் ஒரு பதிவுக் கருவியில் வந்து சேர்கின்றன. கோஆக்சியல் கம்பி வழியே வரும் காட்சியைப் பதிவு செய்வது டிவிஆர். வலையமைப்புக் கம்பி வழியே வருவதைப் பதிவு செய்வது என்விஆர். தொலைவிலிருந்து பார்ப்பதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வழிமுறை ஒன்றே.

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரிய, பெற்றோர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகளில் இவ்வசதி பெரிதும் நாடப்படுகிறது. அதனாலேயே, வீட்டின் உட்புறக் காட்சி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்தே வருகிறது.

முகவரிச் சிக்கல்

பதிவுக் கருவியை ரவுட்டருடன் இணைத்தவுடன் அதற்கு 192.168.1.10 போன்ற ஓர் ஐபி முகவரி கிடைக்கிறது. இந்த முகவரியை வெளியூரில் இருந்துகொண்டு செல்பேசியில் இட்டால் எதுவும் தெரியாது. ஏனெனில் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் வருகைப் பதிவேட்டில் ஒன்றாம் எண் மாணவர் ஒருவர் உண்டு. வகுப்புக்குள் அந்த எண் போதும். வெளியிலிருந்து வரும் கடிதத்தில் ‘ஒன்றாம் எண் மாணவர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாரையும் சேராது. அதுபோலவே உலகில் எண்ணற்ற வீடுகளில் இதே 192.168.1.10 இருக்கிறது.

வெளியுலகம் அறிந்தது ரவுட்டரின் பொது முகவரி ஒன்றையே. இந்த ஒரே முகவரியின் பின்னால் வீட்டிலுள்ள செல்பேசி, கணினி, தொலைக்காட்சி, பதிவுக் கருவி யாவும் மறைந்து நிற்கின்றன. உள்ளிருந்து யாராவது வெளியே ஒரு செய்தி அனுப்பினால், அதற்கான பதில் யாருக்குச் சேர வேண்டும் என்பதை ரவுட்டர் குறித்து வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து முன்னறிவிப்பின்றி வரும் செய்தியை யாரிடம் சேர்ப்பது என்று தெரியாததால் அதைத் தள்ளிவிடுகிறது. இந்தத் தடையைக் கடக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன.

பழைய வழி: போர்ட் பார்வர்டிங்

‘இந்த எண்ணிட்டு வரும் செய்தியையெல்லாம் பதிவுக் கருவியிடம் கொடு’ என்று ரவுட்டருக்கு நிலையான ஆணை இடுவதே போர்ட் பார்வர்டிங். ஹிக்விஷன் கருவிகளில் பொதுவாக 8000, டாகுவா கருவிகளில் 37777 என்ற போர்ட் எண்கள் இதற்குப் பயன்படுகின்றன. இணைய நிறுவனம் வீட்டின் பொது முகவரியை அவ்வப்போது மாற்றிவிடும் என்பதால், மாறும் முகவரியை ஒரு நிலையான பெயருடன் பொருத்தி வைக்கும் டிடிஎன்எஸ் சேவையும் உடன் தேவைப்பட்டது.

இன்று பல வீடுகளில் இவ்வழி செல்லுபடியாகாது. 32 பிட் கொண்ட பழைய ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். அவை தீர்ந்துவரவே, ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தரும் முறையை இணைய நிறுவனங்கள் கையாளத் தொடங்கின. இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் 2012-இல் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்று காட்டப்படுவது இந்த வரம்பிலோ, 10 என்று தொடங்கியோ இருந்தால், அது உண்மையான பொது முகவரி அன்று. அங்கே எத்தனை முறை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வர இயலாது.

இன்றைய வழி: பி2பி

இம்முறையில் யாரும் வெளியிலிருந்து உள்ளே வருவதில்லை. பதிவுக் கருவியே முதலில் வெளியே செல்கிறது. அது தன் உற்பத்தி நிறுவனத்தின் வழங்கியுடன் தொடர்பு ஏற்படுத்தி, தன் வரிசை எண்ணைத் தெரிவித்துக் காத்திருக்கிறது. செல்பேசியில் உள்ள செயலியும் அதே வழங்கியை அணுகி அந்த வரிசை எண்ணைக் கேட்கிறது. வழங்கி இரு தரப்புக்கும் மற்றவரின் முகவரியைச் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கின்றனர். இரு ரவுட்டர்களும் இதைத் தம் உள்ளிருந்து புறப்பட்ட உரையாடலுக்கான பதில் என்று கருதி அனுமதிக்கின்றன. இது கைகூடாத இடங்களில் காட்சி முழுவதும் வழங்கி வழியாகவே அனுப்பப்படும். அப்போது சற்றுத் தாமதம் தெரியும்.

அமைப்பது எளிது. கருவியின் வலையமைப்புப் பகுதியில் டிஎச்சிபி என்பதை இயக்கி முகவரியைத் தானே பெறச் செய்ய வேண்டும். பிறகு பி2பி அல்லது கிளவுட் என்ற பகுதியை இயக்க வேண்டும். சிறிது நேரத்தில் நிலை ‘ஆன்லைன்’ என்று மாறும். மாறாவிட்டால் கேட்வே, டிஎன்எஸ் ஆகிய இரு எண்களும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பது முதல் வேலை. அதன்பின் திரையில் தோன்றும் கியூஆர் குறியை அந்நிறுவனத்தின் செயலியில் வருடினால் போதும். ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட், டாகுவாவுக்கு டிஎம்எஸ்எஸ் என ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி உண்டு.

சோதிக்கும்போது செல்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, செல்பேசி இணையத்தில் பார்க்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருந்தபடி பார்த்தால் காட்சி உள்வலையமைப்பிலேயே வந்துவிடும். ஊருக்குப் போன பிறகுதான் குறை தெரியவரும்.

கணக்கு யாருடையது

பல வீடுகளில் பின்னாளில் பெரும் தொல்லை தருவது இதுவே. கேமரா பொருத்த வருபவர் வேலையை விரைவில் முடிப்பதற்காகத் தம் செல்பேசி எண்ணிலேயே செயலிக் கணக்கைத் தொடங்கி, கருவியை அதில் சேர்த்துவிட்டு, வீட்டுக்காரருக்குப் ‘பகிர்வு’ மட்டும் தருவது உண்டு. ஒரு பதிவுக் கருவி ஒரு கணக்குக்கே உரியது. ஆகவே சட்டப்படி பெட்டி வீட்டுக்காரருடையது என்றாலும், செயலியைப் பொறுத்தவரை உரிமையாளர் பொருத்தியவர்தான். அவர் தம் செல்பேசியில் அந்த வீட்டின் கூடத்தை எந்நேரமும் பார்க்க முடியும். அவர் தீய எண்ணம் இல்லாதவராகவே இருக்கலாம். அவர் செல்பேசி தொலைந்துபோகாது என்று யார் சொல்ல முடியும்? கடை மூடப்பட்டு, எண்ணும் மாறிவிட்டால், வீட்டுக்காரர் புதிய செல்பேசியில் கருவியைச் சேர்க்க முயலும்போது, அது வேறொரு கணக்கில் உள்ளது என்ற செய்தியே வரும்.

பொருத்தும் நாளிலேயே வீட்டுக்காரர் தம் எண்ணில் கணக்கைத் தொடங்கி, கியூஆர் குறியைத் தாமே வருடிக்கொள்வது இதைத் தவிர்க்கும். ‘அட்மின்’ கடவுச்சொல்லையும் பொருத்தியவர் போன பிறகு மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே வேறு கணக்கில் சிக்கிய கருவியை, சில நிறுவனங்களின் செயலிகளில், அதே வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு அட்மின் கடவுச்சொல்லை இட்டு விடுவிக்கலாம். கடவுச்சொல்லும் தெரியாவிட்டால், வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் கொண்டு நிறுவனத்தின் உதவி மையத்தை அணுகுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இராது. ரசீதைப் பத்திரப்படுத்துவது இங்கேதான் பயன் தருகிறது.

உறவினர் பார்ப்பதற்கு அட்மின் கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை. நேரலை மட்டும், அல்லது வாசல் கேமரா மட்டும் என்று வரம்பிட்டுப் பகிர இயலும். படுக்கையறைக் கேமரா என்பது வேண்டவே வேண்டாத ஒன்று. நோயாளியைக் கவனிக்க வைத்தாலும் அவருடைய சம்மதத்துடனேயே வைக்க வேண்டும்.

ஆலைக் கடவுச்சொல்லின் ஆபத்து

2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. அது செய்த தந்திரம் மிக எளியது. இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் ரவுட்டர்களையும் தேடிச் சென்று, ஆலையிலேயே இடப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்றது. மாற்றப்படாமல் இருந்தவை யாவும் அதன் வசமாயின. அவ்வாறு திரட்டப்பட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் இயங்கவில்லை. தம் வீட்டுப் பெட்டியும் அதில் பங்கேற்றது என்பது உரிமையாளர்கள் பலருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இப்போது வரும் கருவிகள் முதன்முறை இயக்கும்போதே புதிய கடவுச்சொல்லைக் கேட்கின்றன. பழைய கருவிகளில் அதை உரிமையாளரே செய்ய வேண்டும். பி2பி பயன்படுத்துவோர், முன்பு திறந்துவைத்த போர்ட்டுகளை மூடிவிடலாம். ரவுட்டரில் யுபிஎன்பி என்ற தானியங்கித் திறப்பையும் அணைத்துவிடலாம்.

காட்சி தடைபடுவது ஏன்

வீட்டிலிருந்து வெளியே செல்லும் வேகமே இங்கு கணக்கு. பதிவிறக்க வேகம் அன்று. முழுத் தெளிவுள்ள ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று கொண்டால், நான்கு கேமராக்களுக்கு 8 மெகாபிட் வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு கேமராவுக்கும் தெளிவு குறைந்த துணை ஓட்டம் ஒன்று உண்டு. 512 கிலோபிட் துணை ஓட்டத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 230 மெகாபைட் செலவாகும். 2 மெகாபிட் முதன்மை ஓட்டத்தில் 900 மெகாபைட். நான்கையும் துணை ஓட்டத்தில் வைத்து, தேவையானதை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பது வழக்கம்.

இணையம் நின்றாலும் பதிவு நிற்பதில்லை. அது ஹார்ட் டிஸ்கில் தொடரும். மின்சாரம் நின்றால் இரண்டும் நிற்கும். பதிவுக் கருவிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்து ரவுட்டரை விட்டுவிடும் வீடுகளில், மின்தடையின்போது காட்சி பதிவாகும், ஆனால் வெளியூரில் தெரியாது. கேமராக்களின் மின்வழங்கியும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் என்பதும் மறக்கப்படுவதுண்டு.

கடிகாரம் இன்னொன்று. சில கருவிகள் சீன நேரமான ஜிஎம்டி +8:00 என்ற அமைப்புடன் வருகின்றன. அதை +5:30 என்று மாற்றாமல் இணைய நேரத்தை இயக்கினால் கருவி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். திருட்டு இரவு 11 மணிக்கு நடந்திருந்தால், பதிவில் அது மறுநாள் அதிகாலை 1.30 என்ற நேரத்தில் கிடக்கும்; முந்தைய நாளின் பட்டியலில் தேடுபவருக்கு அது அகப்படாது.