இடது பக்கம் திரும்பாத வேன்கள்!

அமெரிக்கத் தெருக்களில் பார்சல் கொண்டுபோகும் யுபிஎஸ் நிறுவனத்தின் பிரவுன் நிற வேன்களைக் கவனித்தால் ஒரு விநோதம் தெரியும். முடிந்தவரை அவை இடது பக்கம் திரும்புவதே இல்லை. வலது, மறுபடியும் வலது, இன்னொரு முறை வலது என ஒரு சுற்று சுற்றியாவது போய்ச் சேர்வார்கள்.

வாஸ்துவா என்று கேட்காதீர்கள். அங்கே சாலையின் வலது ஓரமாகத்தான் வண்டி ஓட்ட வேண்டும். இடது பக்கம் திரும்பினால், எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் போகும்வரை நடுரோட்டில் நிற்க வேண்டும். வண்டி ஓர் அடிகூட நகராது, ஆனால் எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும். விபத்து பயமும் அதிகம். நமக்கு இது அப்படியே உல்டா. மாலை ஆறு மணிக்கு, சிக்னல் இல்லாத சந்திப்பில் வலது பக்கம் திரும்பக் காத்திருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்!

ஆனால் திருப்பம் சின்ன விஷயம்தான். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எதற்கு அடுத்து எது என்பதுதான் பெரிய தலைவலி. 10 வீடுகள் என்றால் போகும் வரிசையை 36,28,800 விதமாக அமைக்கலாம். 15 வீடுகள் என்றால் 1,30,000 கோடிக்கும் மேல்! யுபிஎஸ் டிரைவர் ஒரு நாளைக்கு நூறு இடங்களுக்கு மேல் போகிறார். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. அதனால் ஆகச்சிறந்த வழியைத் தேடாமல், போதுமான அளவுக்கு நல்ல வழியைத் தேடுகிறார்கள்.

அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்து அந்த நிறுவனம் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ‘ஓரியன்’. 2016-ல் அமெரிக்காவில் சுமார் 55,000 டிரைவர்களின் பாதைகளுக்கு அது வந்து சேர்ந்தது. ஒரு டிரைவருக்கு ஒரு நாளில் மிச்சமானது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு 16 கோடி கிலோமீட்டர் என்கிறது நிறுவனம். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் தூரத்தைவிட அதிகம்! எரிபொருளில் 3.8 கோடி லிட்டர் மிச்சம். புகையில் சுமார் 1 லட்சம் டன் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தது.

டிரைவர்கள் கைதட்டி வரவேற்றார்களா? பலர் முகம் சுளித்தார்கள். வருடக்கணக்கில் ஓட்டிய தெருவை ஒரு கருவி வந்து சொல்லித்தருவதா என்ற கோபம். அதில் நியாயமும் இருந்தது. விலைக்கு வாங்கிய வரைபடங்களில் எந்தக் கட்டடத்துக்கு எந்த வாசல், எது தனியார் பாதை என்பதெல்லாம் சரியாக இல்லை. அவற்றைத் திருத்தவே பெரும் உழைப்பு தேவைப்பட்டது. தினம் ஒரு பாதை என்று குழப்பாமல், டிரைவருக்குப் பழகிய வரிசையை ஓரளவு காப்பாற்றும்படியும் கணக்கை மாற்றினார்கள். நம் ஊர் தண்ணி கேன் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார்கள் என்பது வரை மனப்பாடமாகச் சொல்வார். அது எந்த வரைபடத்தில் இருக்கிறது?

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே பக்கம் போகிற பல பார்சல்கள் ஒன்றாகச் சேர வேண்டும். பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு வேண்டும் என்றால் சேர்ப்பதற்கு நேரம் எங்கே? அந்த ஒரு கட்டுக்காகவே ஒரு பைக் கிளம்பும். அவசரமில்லாத பொருட்களை ஒரே ஆர்டராகப் போட்டால் பல பயணங்கள் ஒன்றாகிவிடும். டெலிவரி தம்பி வரும் நாளில் போனையும் சைலண்ட்டில் போட்டுவிடாதீர்கள், பாவம், நாளைக்கும் அவர் அதே தெருவுக்கு வர வேண்டியிருக்கும்.